'கேஸ் போட்டா சரியாயிடும்' என்று வரும் கார்கள்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பட்டறையில் தினமும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "ஏசியில கூலிங் இல்ல, கேஸ் போட்டு விடுங்க." மதுரையில் இருபது வருடமாகக் கார் ஏசி வேலை பார்க்கிறேன். அப்படி வரும் வண்டிகளில் பலவற்றுக்கு கேஸே தேவைப்படுவதில்லை. தேவைப்படும் வண்டிக்கும் கேஸை மட்டும் ஏற்றி அனுப்பினால் அது பாதி வேலைதான்.

ஏசியைக் குளிர வைக்கும் இந்த கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை இறக்கிவிட்டு அது திரவமாகும். அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்பு. ஒரே கோடையில் இரண்டு தடவை கேஸ் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று பொருள்.

போன வருடம் அக்னி நட்சத்திரத்தில் கால் டாக்சி ஓட்டும் ஓர் அண்ணன் வந்தார். "தம்பி, ரெண்டு தடவை கேஸ் போட்டாச்சு. வண்டி ஓடும்போது ஜில்லுன்னு இருக்கு, சிக்னல்ல நின்னா அனல் அடிக்குது" என்றார். அவர் சொன்னதிலேயே கோளாறு பாதி புரிந்துவிட்டது. ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர வைக்கிறது. நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக் குனிந்து பார்த்தேன். ஏசிக்கென்று இருந்த தனி ஃபேன் அசையவே இல்லை. அதற்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது.

பிரஷர் பார்க்கும் கேஜை மாட்டினேன். நம் ஊர் வெயிலில் ஹை சைடு, அதாவது கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் பக்கம், சுமார் 200 முதல் 250 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) வரை காட்டினால் கவலையில்லை. இந்த வண்டியில் அது 400-ஐ நெருங்கியதும் கம்ப்ரசர் கட் ஆனது. கேஸை மெஷினில் இறக்கி எடை பார்த்தால் 560 கிராம். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 400 கிராம்தான் போட்டிருந்தது. கூலிங் பத்தவில்லை என்று மேலும் மேலும் ஏற்றியிருக்கிறார்கள். கேஸ் கூடினால் குளிர் கூடாது. பிரஷர் ஏறிக் கூலிங் குறையும், கம்ப்ரசரும் திணறும். இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் கம்ப்ரசரே போயிருக்கலாம். அதன் விலை, ஒயர் வேலைக்கு அவர் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவரிடம் இரண்டு தடவை வீணாகக் காசு வாங்கியிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டறைக்கு வருமுன் நீங்களே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. முதலில், காற்றே கம்மியாக வருகிறதா, அல்லது காற்று நன்றாக வந்தும் குளிரவில்லையா? இரண்டும் வேறு வேறு கோளாறு. காற்றே கம்மி என்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் ஒரு குடும்பத்தின் காரில் அதை உருவியபோது மடிப்புக்கு மடிப்பு காய்ந்த வேப்பம்பூவும் சருகும் அடைத்திருந்தன, வெள்ளை ஃபில்டர் கோணிப்பை நிறத்தில் இருந்தது. மாற்றிய அன்றே குளிர் வந்துவிட்டது. நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரம் கழித்துக் காற்று அடங்கி, ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறதென்றால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. அதற்கும் ஃபில்டர் காரணமாக இருக்கலாம், அல்லது காயில் சென்சார்.

காற்று வந்தும் குளிரவில்லை என்றால், ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எஞ்சினை அணைத்த உடனே பானட்டைத் திறந்து பாருங்கள். தடித்த அலுமினியக் குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் சூடாக இருக்கும், பார்த்துத் தொடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை, அல்லது கேஸ் தீர்ந்திருக்கிறது.

அப்புறம் பட்டறைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். லீக் எங்கே? வேக்கம் (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது) எவ்வளவு நேரம் போடுவீர்கள்? எத்தனை கிராம் ஏற்றுவீர்கள்? கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கருத்த பிசுக்காக நிற்கும். ஜாயிண்டில் அந்தக் கறையைத் தேடுவதுதான் என் முதல் வேலை. அதன் பிறகுதான் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்ப்பது. லீக்கை அடைத்த பின் குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், நாள்பட அமிலமாகி உள்பாகங்களை அரிக்கும். வந்த பத்தே நிமிடத்தில் கேனை மாட்டி ஏற்றி அனுப்பும் இடத்தில் இதில் எதுவும் நடந்திருக்காது.

மலிவு கேஸை நம்பாதீர்கள். கார் ஏசி கேஸான ஆர்-134ஏ என்ற பெயரில் எல்பிஜி மாதிரி எரியும் வாயுவைக் கலந்து விற்பதும் உண்டு. காருக்குள் அது கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடவும் சம்மதிக்காதீர்கள். நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, ஏறக்குறைய 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

டாக்சி அண்ணன் வண்டிக்கு ஒயரை மாற்றி, வேக்கம் போட்டு, சரியாக 400 கிராம் ஏற்றினேன். நிறுத்திய வண்டியில் கால் மணி நேரம் ஏசியை ஓடவிட்டு, தடித்த குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலில் ஒட்டிய ஈரத்தைக் கன்னத்தில் தடவிக்கொண்டார்.