கீறினது சின்னவள், நிப்பாட்டினது ஆர்?

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில் தங்கச்சியின் வீடு. போன மார்கழியில் ஒரு நாள், மழை விட்ட நேரம், குசினியின் வெளிச்சுவரில் ஒரு படம் முளைத்திருந்தது. கீறியவள் தங்கச்சியின் சின்ன மகள், வயது ஒன்றே முக்கால். கீறிய பொருள், அடுப்பில் அவிந்து கிடந்த பாலைமரக் கரித்துண்டு.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "உதை ஆர் இனி அழிக்கிறது?" பிறகு தானே ஆறி, "சரி விடு, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கத்தானே வேணும்" என்று உள்ளே போய்விட்டா. தங்கச்சி படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள். பத்து நிமிடத்துக்குள் கனடாவிலிருந்து மச்சான் எழுதினான்: "பிறேம் போட்டு அனுப்புங்கோ. இஞ்ச ஆயிரம் டொலருக்குப் போகும்." அதற்குக் கீழே சித்தப்பா: "இது கலையெண்டால் எங்கட கோழி கிளறினதும் கலைதான்."

இரண்டு பேரும் பகிடிக்குத்தான் எழுதினார்கள். ஆனால் இந்தப் பகிடிக்குள் கிடக்கிற, கிறுக்கலுக்கும் கலைக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியை உளவியலாளரும் பௌதிகவியலாளரும் மெனக்கெட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். நானும் மருமகளின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனேன்.

சுவரில் நேர்கோடு ஒன்றுகூட இல்லை. ஏழெட்டு வளைவுகள், விசிறி விரித்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்றாய். எல்லாவற்றுக்கும் ஆரை கிட்டத்தட்ட ஒரே அளவு, என் கையால் ஒரு சாண். சின்னவளைப் பிடித்து, கையில் கரித்துண்டைக் கொடுத்து, முழங்கையிலிருந்து கரி நுனிவரை அளந்து பார்த்தேன். அதே அளவு. அதாவது முழங்கைதான் கவராயத்தின் முள், கரிதான் பென்சில். வளைவு திரும்புகிற இடங்களில் கரி தடித்திருந்தது. திரும்பும்போது கையின் வேகம் குறையும், கரி கூட அப்பும். சுவரைப் பார்த்தே அந்தக் கை எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது என்று வாசிக்கலாம்.

குழந்தையின் உடலில் கட்டுப்பாடு நடுவிலிருந்து நுனிக்குப் போகும். முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில் விரல்கள். ஒன்றரை வயதில் பென்சிலை முழு உள்ளங்கையாலும் உலக்கையைப் பிடிப்பதுபோல்தான் பிடிப்பார்கள். மூன்று விரலால் பிடிக்கிற பிடி நான்கு வயதை அண்டித்தான் படியும். ஒரு வட்டத்தைப் பார்த்து அதேபோல் கீற ஏறக்குறைய மூன்று வயது வேண்டும். சிலுவைக் கோட்டுக்கு நான்கு. சதுரம் அதற்கும் பிறகு, முக்கோணம் ஐந்து தாண்டி. மூலை என்பது ஓடுகிற கையை நிறுத்தி, திசையை மாற்றி, மறுபடி ஓடவிடுவது. ஓடுவதைவிட நிற்பதுதான் கையின் கடினமான வேலை.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சண்டை பிடித்துவிட்டுப் போகிறேன். குழந்தையின் கை எக்ஸ்றே ஒன்று முகநூலில் சுற்றுகிறது: "பாருங்கள், மணிக்கட்டில் எலும்பே இல்லை, அதனால்தான் எழுத வராது." பாதி சரி. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது கசியிழையமாக, அதாவது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாய் எலும்பாகி, கடைசி எலும்பு எட்டு வயதுக்குப் பிறகுதான் எக்ஸ்றேயில் தெரியத் தொடங்கும். ஆனால் எக்ஸ்றேயில் தெரியாததால் அங்கே ஒன்றுமில்லை என்றாகாது. கசியிழையமும் கையைத் தாங்கும். கிறுக்கலுக்குப் பெரிய காரணம் மூளையிலிருந்து விரலுக்கு வருகிற நரம்புப் பாதை இன்னும் பதப்பட்டுக்கொண்டிருப்பது.

அப்படியென்றால் கிறுக்கல் வெறும் கையாட்டமா? சித்தப்பாவின் கோழி இங்கேதான் வருகிறது. 1968 இல் ஜேம்ஸ் கிப்சனும் பற்றீசியா யோனாசும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சின்னக் குழந்தைகளிடம் பார்வைக்கு ஒரேமாதிரியான இரண்டு எழுதுகோல்கள். ஒன்று கோடு விழுத்தும், மற்றது விழுத்தாது. கையை ஆட்டுகிற சுகம்தான் காரணம் என்றால் இரண்டிலும் ஒரேயளவு விளையாட வேண்டும். கோடு விழாத கோலைக் குழந்தைகள் கெதியில் கைவிட்டார்கள். இதைச் செய்து பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. மூத்தவளின் மை முடிந்த பெல்ற் பேனையைச் சின்னவளிடம் கொடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தாள், நுனியைப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், வேலிப் பக்கம் எறிந்தாள். கோழி தான் கிளறிய மண்ணைத் திரும்பிப் பார்ப்பது புழுவுக்காக. இவள் திரும்பிப் பார்ப்பது கோட்டுக்காக. நான் இல்லாத இடத்தில் நான் செய்தது இருக்கிறது என்கிற கண்டுபிடிப்பு அது.

ஆனால் அந்தக் கோடு எதையாவது குறிக்கிறதா? "இதென்னடி குஞ்சு?" என்று அம்மா கேட்டா. சின்னவள் சுவரைப் பார்த்து, "ஆனை" என்றாள். வீட்டில் எல்லாருக்கும் புளுகம். அடுத்த நாள் கேட்டால் அதே கிறுக்கல் "மாமா". பிரெஞ்சு ஆய்வாளர் லுக்கே நூறு வருடத்துக்கு முன்னமே இதைக் கவனித்து எழுதினார்: முதலில் கோடு விழும், பிறகுதான் அதில் ஏதோ ஒன்று தெரியும். எண்ணிக் கீறுவதில்லை, கீறிவிட்டுக் காண்பது. முகிலில் நாம் யானை காண்பதுபோல்.

மூன்று, நான்கு வயதில் இது தலைகீழாக மாறும். 1998 இல் போல் புளூமும் லோறி மார்க்சனும் அந்த வயதுக் குழந்தைகளிடம் ஒரு லொலிபொப்பும் ஒரு பலூனும் கீறச் சொன்னார்கள். அந்த வயதில் இரண்டும் ஒன்றுதான்: ஒரு உருண்டை, கீழே ஒரு கோடு. பிறகு படத்தைக் காட்டி என்னவென்று கேட்டால், எதை நினைத்துக் கீறினார்களோ அதன் பெயரையே சொன்னார்கள். பார்க்கிற நமக்கு வித்தியாசமே தெரியாது. பிள்ளைக்கு அது பலூன்தான், லொலிபொப் இல்லை. கோட்டுக்கு முன்னால் எண்ணம் வந்துவிட்டது. சின்னவளுக்கு அதற்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்கிறது.

அடுத்த கேள்வி மச்சானுடையது. கீறியவருக்கு எண்ணம் இருந்ததோ இல்லையோ, பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியுமா? 2011 இல் பொஸ்ரன் கல்லூரியில் ஏஞ்சலினா ஹோலி-டோலனும் எலன் வினரும் இதைச் சோதித்தார்கள். ஒரு பக்கம் பெயர்பெற்ற அரூப ஓவியரின், அதாவது ஆளோ பொருளோ தெரியாமல் நிறமும் கோடுமாய் வரைகிறவரின் படம். மறுபக்கம் நிறத்திலும் கோட்டிலும் அதற்கு ஒத்துப்போகிற, ஒரு குழந்தையோ குரங்கோ யானையோ வரைந்த படம். ஓவிய மாணவர், உளவியல் மாணவர் என இரண்டு கூட்டத்தாரிடமும் எது பிடித்தது, எது திறமான படம் என்று கேட்டார்கள். சில சோடிகளில் யார் வரைந்தது என்ற பெயர்ச்சீட்டு இல்லை, சிலவற்றில் சரியான சீட்டு, சிலவற்றில் வேண்டுமென்றே மாற்றி ஒட்டிய சீட்டு.

திறமானது எது என்று கேட்டபோது, சீட்டு மாறியிருந்தாலும்கூட, நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது, அறுபத்தைந்து தடவை ஓவியரின் படத்தையே காட்டினார்கள். காசு சுண்டிப் பார்த்தால் ஐம்பது வரும். ஆகவே "என்ர பிள்ளையும் இதைக் கீறும்" என்பது பிழை. ஆனால் நூற்றில் முப்பத்தைந்து, நாற்பது தடவை குழந்தையோ குரங்கோ வென்றிருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. செய்திகளில் முதல் பாதிதான் பெரிதாக வந்தது. எனக்கு இரண்டாம் பாதியும் அதேயளவு சுவை. ஓவியரின் படத்தைத் தெரிந்தவர்கள் சொன்ன காரணங்களில் "யோசிச்சுச் செய்த மாதிரி இருக்கு" என்ற பொருளில் வந்தவை கூடுதல். பிறகு செய்த ஆய்வுகளிலும், ஒழுங்கும் எண்ணமும் கூடத் தெரிகிற படம் ஓவியருடையதாகவே அமைந்தது. கோட்டுக்குள் ஒரு மனம் இருந்ததா என்று நம் கண் தேடுகிறது.

அந்த மனம் கோட்டில் எப்படிப் பதியும்? இதற்குத் தேன் போதும். வன்னித் தேன் வீட்டில் இருந்தால் கரண்டியால் எடுத்து, அரை அடி உயரத்திலிருந்து தட்டில் ஒழுக விடுங்கள். விழுகிற இடத்தில் நூல் கயிறுபோல் சுருண்டு சுருண்டு குவியும். இப்போது கரண்டியை வேகமாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சுருள் மறைந்து நேர்நூல் விழும். தடித்த திரவம் கீழே தொட்டதும் வேகம் தடைப்படும், பின்னால் வருவது இடமில்லாமல் மடங்கும். கை அதைவிட வேகமாய் ஓடினால் மடங்க நேரமில்லை. ஜாக்சன் பொலொக் என்ற அமெரிக்க ஓவியர் 1940களின் பிற்பகுதியில் கன்வசைத் தரையில் விரித்து, மேலிருந்து பெயின்ற்றை ஒழுகவிட்டுக் கோடு போட்டவர். பார்த்தால் சின்னவளின் சுவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் வேலைசெய்கிற பழைய படச்சுருளை ஆராய்ந்து 2019 இல் வந்த ஆய்வு ஒன்று, அவருடைய கையின் உயரமும் வேகமும் பெரும்பாலும் அந்தச் சுருள் விழாத அளவிலேயே இருந்தன என்று காட்டியது. இந்தப் பெயின்ற் இந்த உயரத்தில் என்ன செய்யும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில் இருந்த வளைவுகளை முடிவுசெய்தது முழங்கை மூட்டு. பொலொக்கின் கோட்டை முடிவுசெய்தது பல வருடப் பழக்கம்.

இனிக் குரங்குகள். 1950களில் லண்டனில் விலங்கியலாளர் டெஸ்மண்ட் மொரிஸ், கொங்கோ என்ற சிம்பன்சிக்குப் பெயின்ற்றும் தாளும் கொடுத்தார். ஏறக்குறைய நானூறு படங்கள். 1957 இல் லண்டனில் கண்காட்சி. 2005 இல் அவற்றில் மூன்று 14,400 பவுணுக்கு ஏலம் போயின. அதே ஏலத்தில் உலகப் புகழ்பெற்ற றெனுவார், வாறோல் என்ற இரண்டு ஓவியர்களின் படைப்புகள் விலைபோகாமல் கிடந்தன. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை, கோழியைப் பெயின்ற்றில் தோய்த்துவிடுவார். விலையைவிட எனக்குப் பெரிதாய்ப் பட்டது மொரிஸ் குறித்துவைத்த வேறொரு சங்கதி. படம் முடியுமுன் தாளை எடுத்தால் கொங்கோ ஆத்திரப்பட்டுக் கத்துமாம். தனக்கு முடிந்துவிட்டதென்றால், எவ்வளவு தூண்டினாலும் மேலே ஒரு கோடு போடாதாம்.

1964 இல் சுவீடனில் யொதெபொரி நகரில் நடந்தது வேறு. பியர் பிராசோ என்ற "பிரெஞ்சு ஓவியர்" ஒருவரின் படங்களை விமர்சகர்கள் பாராட்டினார்கள். அது பீற்றர் என்ற சிம்பன்சி. விமர்சகர் ஏமாந்தார் என்று எல்லாரும் சிரிக்கிற கதை இது. ஆனால் கதையின் நடுவில் ஒரு ஆளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்: சிம்பன்சி வரைந்து குவித்தவற்றுள் எவை நல்லவை என்று தெரிந்தெடுத்துச் சுவரில் மாட்டிய பத்திரிகையாளர். அவருடைய கண்ணும் அந்தப் படத்துக்குள் இருந்தது.

எனக்கு ஏடுதொடக்கல்தான் நினைவுக்கு வந்தது. விஜயதசமியில் ஐயர் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, தாம்பாளத்து அரிசியில் "அ" எழுதுவிப்பார். விரல் பிள்ளையினது. எழுத்து ஐயருடையது. யாரும் அதைப் பிள்ளை எழுதியதென்று நம்புவதில்லை. அது சடங்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரில் விற்பனைக்கு வருகிற அரூப ஓவியங்களிலும் இப்படி ஒரு கை உண்டு என்றுதான் நினைக்கிறேன். விரலைப் பிடிக்காத கை. எந்த நிறத்தைக் கொடுப்பது, எந்தப் பக்கம் மேல், எந்தத் தாளை வைத்திருப்பது, எல்லாவற்றிலும் முக்கியமாக எப்போது தாளை இழுத்தெடுப்பது என்று முடிவுசெய்கிற கை.

சரிபார்க்க வேண்டுமே. ரவுணில் மூன்று போத்தல் போஸ்ரர் கலர் வாங்கினேன்: சிவப்பு, மஞ்சள், நீலம். விறாந்தையில் பெரிய தாளை விரித்து, சின்னவளை இருத்தி, என்ன நடந்தாலும் தாளை எடுப்பதில்லை என்று தங்கச்சியிடம் சத்தியம் வாங்கினேன்.

முதல் நிமிடம் தாளைவிட முழங்காலுக்குத்தான் கூட நிறம். நான்காம் நிமிடம் தங்கச்சி, "அண்ணா, வடிவா இருக்கு, எடுப்பமே?" என்றாள். உண்மையிலேயே வடிவு. மஞ்சள் விசிறியின் குறுக்கே நீலம் ஒரு வீச்சு, ஓரத்தில் ஐந்து சிவப்பு விரல். கையிலிருந்த போனால் ஒரு படம் எடுத்தேன், தாளைத் தொடவில்லை. ஆறாம் நிமிடம் நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. எட்டாம் நிமிடம் அதன்மேல் சிவப்பு, எல்லாம் மண்ணிறம். ஒவ்வொரு நிறமும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பங்கை விழுங்கி மிச்சத்தைத்தான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மூன்றும் கலந்தால் திருப்பி அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம்தான். பத்தாம் நிமிடம் மாரிகாலத்து ஒழுங்கைபோல் ஒரே சேறு. பன்னிரண்டாம் நிமிடம் ஊறிய தாள் நடுவில் கிழிந்தது. அதுதான் அவளுக்கு அன்றைக்கு மிகப் பெரிய சந்தோசம். கிழிசலுக்குள் கையை விட்டு, மறுபக்கம் வந்த விரல்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நான்காம் நிமிடத்துப் படத்தை மச்சானுக்கு அனுப்பினேன். "இது உண்மையிலேயே ஆட் மச்சான், ஒறிஜினலை அனுப்பு" என்று பதில் வந்தது. ஒறிஜினலின் ஒரு பாதியைச் சின்னவள் இழுத்துக்கொண்டு முற்றத்துக் கோழிக்குப் பின்னால் போயிருந்தாள்.