ஃபில்டர்: மெயிலுக்கு வடிகட்டியா, வடிப்பானா, சல்லடையா?

மெயில்ல ஃபில்டர்னா என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். நமக்கு வர்ற ஒவ்வொரு மெயிலையும் அது வந்து இறங்குறப்பவே பார்த்து, நாம முன்னாடியே எழுதி வச்ச நிபந்தனைக்குப் பொருந்துச்சுன்னா நாம சொன்ன வேலையை அதுவே செஞ்சு முடிக்கிற ஏற்பாடு. யார்கிட்ட இருந்து வருது, எந்த முகவரிக்கு வருது, தலைப்புல என்ன சொல் இருக்கு, கூட ஃபைல் ஒட்டியிருக்கா, எவ்வளவு பெருசு, இதெல்லாம் நிபந்தனை. லேபிள் ஒட்டு, இன்பாக்ஸ்ல காட்டாதே, நட்சத்திரம் போடு, இன்னொரு முகவரிக்கு அனுப்பு, அழிச்சிடு, ஸ்பாம்ங்கற வேண்டாத மெயில் பெட்டிக்கு மட்டும் தள்ளிடாதே, இதெல்லாம் வேலை. ஜிமெயில்லயும் தண்டர்பேர்ட்லயும் ஃபில்டர்னே பேரு, அவுட்லுக்ல ரூல்ஸ்.

இங்கிலீஷ்ல இந்தச் சொல் பிறந்த கதை ஒரு துணியில தொடங்குது. இடைக்கால லத்தீன்ல ஃபில்ட்ரும்னா கம்பளி மயிரை அமுக்கி அமுக்கிச் செய்ற ஃபெல்ட் துணி. அந்தத் துணியில ஊத்தித்தான் திரவத்தை வடிச்சாங்க, அதனால துணியோட பேரே வடிக்கிற சாமானுக்கு ஆகி, பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. ஃபில்டரும் ஃபெல்ட்டும் ஒரே வேர். நம்ம வீட்டுக்குள்ள அது காபி பில்டரா வந்து, அப்புறம் தண்ணி பில்டர், சிகரெட் பில்டர்னு பரவி, கடைசியாத்தான் மெயிலுக்கு வந்திருக்கு.

கைக்குக் கிடைச்ச பொருளையே வடிகட்டியா ஆக்கிக்கிறது நம்ம ராமநாதபுரம் கரையிலயும் உண்டு. சாயல்குடி, கடலாடி பக்கம் பனங்காட்டுக்குள்ள போனவங்களுக்குப் பன்னாடை தெரியும். மட்டை அடியில வலை பின்னின மாதிரி நாரா ஒட்டிக்கிட்டு இருக்கும், யாரும் நெய்யல, மரமே நெய்து கொடுத்தது, அதை உரிச்சு எடுத்துத்தான் கள்ளும் பதநீரும் வடிகட்டுவாங்க. எறும்பு, தேனீ, தூசி எல்லாம் மேல தங்கிடும், சுத்தமானது கீழ இறங்கிடும். இன்னைக்கு அந்த இடத்துக்குத் துணியும் பிளாஸ்டிக் வடிகட்டியும் வந்திருச்சு, ஆனா பன்னாடைங்கற சொல் மட்டும் திட்டுறதுக்கு நிலைச்சுப் போச்சு. ஏன் திட்டாச்சுங்கறதுதான் மெயில் வரைக்கும் வர்ற விஷயம்.

13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்ல மாணாக்கர்களைத் தலை, இடை, கடைன்னு பிரிக்கிற இடத்துல கடை மாணாக்கனுக்கு உவமையா ‘இல்லிக் குடம் ஆடு எருமை நெய்யரி’ன்னு வரும். நெய்யரின்னா நெய்யை அரிக்கிற சாமான், பன்னாடைன்னே பொருள் சொல்வாங்க. நல்ல நெய்யை எல்லாம் கீழ விட்டுட்டுக் கசடை மட்டும் தன்கிட்ட பிடிச்சு வச்சுக்குதாம், அதனால அது மட்டம். அந்தக் காலத்துலயே ஒருத்தர் வடிகட்டியைப் பார்த்து ‘இதுல எது தங்குது, எது போகுது’ன்னு கேட்டிருக்காரு பாருங்க, எனக்கு இதை நினைச்சா அவ்வளவு பெருமையா இருக்கு. ஃபில்டர் போட உட்கார்ற யாரா இருந்தாலும் முதல்ல கேட்டுக்க வேண்டிய கேள்வி இதுதான்.

இப்போ வடிங்கற வினைக்கு வருவோம். பதநீரை வடிச்சா கீழ இறங்கினது நமக்கு வேணும். சோறு வடிச்சா கீழ இறங்கினது கஞ்சி, பானையில தங்கினதுதான் சோறு. ரெண்டுக்கும் ஒரே வினை. வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கணும், எது எந்தப் பக்கம்ங்கறது செய்றவங்க முடிவு, வடி அவ்வளவுதான் சொல்லுது. வெள்ளம் வடியுது, கண்ணீர் வடியுது, வடிகால் எல்லாம் இதே பக்கம். இன்னொரு பக்கம் சிலை வடிக்கிறோம், புறநானூறு 312-ல பொன்முடியார் ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ன்னு பாடுறாங்க, அங்க வடிக்கிறதுன்னா திருத்திச் செஞ்சு கொடுக்கிறது. வடிகட்டின பொய்னு சொல்றப்ப வேறெதுவும் கலக்காத முழுப் பொய்னு அர்த்தம் ஆகுது.

சல்லடைங்கற சொல்லும் தகுதியானதுதான். மெயில் சர்வர்ல இந்த நிபந்தனைகளை எழுதுறதுக்குன்னே 2001-ல தரப்படுத்தின ஒரு மொழிக்கு சீவ்னு பேரு, நேரா தமிழ்ல சொன்னா சல்லடை. ஆனா நம்ம பேச்சுல மாவு, மணல்னு காஞ்ச பொருளைத்தான் சலிக்கிறோம், வந்துக்கிட்டே இருக்கிற ஒண்ணுக்கு அது ஒட்டல. கணினித் தமிழ்ல வடிகட்டி, வடிப்பான் ரெண்டும் புழங்குது. என் ஓட்டு வடிகட்டிக்குத்தான். டீக்கடையில நிக்கிற சின்னப் பையனுக்கும் வடிகட்டி தெரியும், அதோட ‘இந்த மெயிலை வடிகட்டி விடு’ன்னு வினையாவும் அப்படியே வந்திடும், வடிப்பான்ல அந்த வசதி இல்ல. வடிப்பான் தப்புன்னு சொல்லல, மெனுவுல இருக்கட்டும்.

கீழக்கரைல வளைகுடாவுல ஆள் இல்லாத வீடு குறைவு. விசா காப்பி, டிக்கெட், கம்பெனி ஆஃபர் லெட்டர், பேங்க் மெயில் எல்லாம் ஒரே பெட்டியில வந்து விழுறப்ப கூடவே நூறு விளம்பரமும் வந்து விழும். ‘காக்கா, விளம்பரத்தை எல்லாம் அழிக்கிற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க’ன்னுதான் கேட்பாங்க (காக்கான்னா இங்க அண்ணன்), நான் உடனே ஒத்துக்கிறதில்ல. தலைப்புல ‘ஆஃபர்’னு இருந்தா அழின்னு ஃபில்டர் போட்டா தள்ளுபடி ஆஃபரோட சேர்ந்து வேலை ஆஃபர் லெட்டரும் போயிடும், நன்னூல் சொன்ன நெய்யரி அப்படியே இதுதான். அழிச்சது ஜிமெயில்ல குப்பையில 30 நாள் கிடக்கும், அதுக்கப்புறம் போனது போனதுதான். அதனால அழிக்கிறதை விட்டுட்டு லேபிள் ஒட்டி இன்பாக்ஸ்ல இருந்து விலக்கி வைங்க, தேடினா கிடைக்கும். முக்கியமானவங்க முகவரிக்குத் தனியா ஒரு ஃபில்டர், ஸ்பாமுக்குப் போகவே கூடாதுன்னு, அதைத்தான் முதல்ல போடணும். ஸ்பாம்ங்கறது வேற ஃபில்டர், நாம நிபந்தனை எழுதுறதில்ல, சர்வரே பழைய குப்பை மெயில்களைப் பார்த்துக் கத்துக்கிட்டுத் தள்ளுது, எந்தச் சொல் குப்பை மெயில்ல எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பார்க்கிற கணக்கு அது, 2002-ல பால் கிரஹாம்ங்கற புரோகிராமர் எழுதின ஒரு கட்டுரைக்கு அப்புறம் நல்லாப் பரவுச்சு. அதுவும் சில சமயம் நல்ல மெயிலைத் தூக்கிப் போட்டுடும்.

இன்னொரு சின்ன வழி, ஜிமெயில் முகவரியில உங்க பேருக்குப் பின்னாடி, @ குறிக்கு முன்னாடி, ஒரு கூட்டல் குறி (+) போட்டு எதையாவது சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வரும். கருப்பட்டி ஆர்டர் எடுக்கிறவங்க பேருக்குப் பின்னாடி +orderனு சேர்த்து ஒரு முகவரி கொடுத்துட்டு, அந்த முகவரிக்கு வர்றதெல்லாம் ஆர்டர் லேபிளுக்குன்னு வச்சிடலாம், தலைப்புல அவங்க என்ன எழுதினாலும் கவலை இல்ல.

தமிழ்ச் சொல்லை நிபந்தனையா வைக்கிறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க. ஜிமெயில் சொல்லை முழுசாத்தான் ஒப்பிடும், பாதியைப் பார்த்துப் புரிஞ்சுக்காது. ‘ரசீது’ன்னு வச்சீங்கன்னா ரசீதை, ரசீதுக்கு, ரசீதோடன்னு உருபு ஏறி வர்றது தப்பிப் போகலாம். நம்ம மொழியில சொல் தனியா நிக்கிறதே குறைவு, ஒட்டி ஒட்டித்தான் வரும். அதனால தமிழ்ல வர்ற மெயிலுக்கு அனுப்புறவங்க முகவரியையே நிபந்தனையா வைங்க, சொல்லைத்தான் வைக்கணும்னா அதோட வடிவம் எல்லாத்தையும் நடுவுல ‘அல்லது’ங்கறதுக்கான OR போட்டு வரிசையா எழுதிடுங்க.