ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

நிர்வாகப் பணிகளை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைப்பதற்கான ஒப்பந்தங்களைச் சரிபார்த்துத் தருவது என் தொழில். ஆலோசனைக்கு வருபவர்களில் அனேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, இதனால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பதைத்தான். அந்த நிறுவனம் நாளைக்கே விலகிக்கொண்டால் வேலை எப்படி நடக்கும் என்று நான் கேட்டால், அதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும் என்கிறார்கள். இருக்கத்தான் செய்கிறது, கடைசிப் பக்கங்களில், யாரும் படிக்காத இரண்டு பத்திகளாக.

ஒரு வேலையை வெளியே கொடுப்பதற்கும் ஆள் தேடுதல், பேரம், கண்காணிப்பு என்று தனிச் செலவு உண்டு. அது மிகும்போது உள்ளேயே செய்துகொள்வதுதான் லாபம் என்று பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1937-இல் விளக்கினார். 1989-இல் கோடாக் நிறுவனம் தன் கணினி மையப் பணிகளை ஐ.பி.எம். வசம் ஒப்படைத்தபோது, இத்தனை பெரிய நிறுவனமே கொடுக்கிறதென்றால் நாமும் கொடுக்கலாம் என்ற துணிச்சல் மற்றவர்களுக்கும் வந்தது. விலைப்புள்ளியில் தெரியும் தொகையோடு கண்காணிப்புச் செலவையும் கூட்டிப் பார்ப்பவர்கள்தான் இன்றும் குறைவு.

துறைக்குத் துறை இதன் முகம் மாறுகிறது. மருத்துவமனையில் துப்புரவு, சலவை, கருவிப் பராமரிப்பு ஆகியவை வெளியே போகின்றன. தொழிற்சாலையில் கிடங்கும் சரக்குப் போக்குவரத்தும். ஹோட்டல் துறையிலோ பல இடங்களில் நிர்வாகமே வெளியாரிடம் இருக்கும்: கட்டடம் ஒருவருடையது, நடத்துபவர் இன்னொருவர். நடத்துபவருக்கு மொத்த வருவாயில் ஒரு பங்கு அடிப்படைக் கட்டணமாகவும், இயக்க லாபத்தில் ஒரு பங்கு ஊக்கக் கட்டணமாகவும் தருவது வழக்கம். முதலாவது மட்டும் இருந்தால், செலவு எகிறினாலும் அறைகள் நிரம்பினால் போதும் என்ற நினைப்பு வந்துவிடும். மற்றத் துறைகளின் ஒப்பந்தங்களில் இந்த முன்யோசனையை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

ஒருமுறை ஒரு மருத்துவமனையின் கருவிப் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகார் வந்த ஒரு மணி நேரத்துக்குள் பணியாளர் வர வேண்டும் என்பது நிபந்தனை. ஓராண்டில் ஒரு தவறுகூட இல்லை. அதுவே உறுத்தியது. செவிலியர்களின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டபோது விஷயம் புரிந்தது: காலை 7 மணிக்கு நின்றுபோன மருந்தேற்றும் பம்பு பற்றிய புகார், பணியாளர் வந்துசேர்ந்த 11 மணிக்குத்தான் கணினியில் ஏறியிருந்தது. புகாரைப் பதிவுசெய்வதும் அதே ஒப்பந்ததாரரின் ஆட்கள்தான். பொய்ப் பதிவு என்றும் சொல்லிவிட முடியவில்லை. ‘புகார் வந்த நேரம்’ என்றால் எந்த நேரம் என்று ஒப்பந்தத்தில் யாரும் வரையறுக்கவில்லை.

கணினிச் சேவைகளில் எழுதப்படும் ‘99.9 விழுக்காடு இயங்கும்’ என்ற உறுதிமொழியும் இப்படித்தான். மாதக் கணக்கில் அளந்தால் ஏறத்தாழ 43 நிமிட நிறுத்தத்துக்கு இடமுண்டு. ஆண்டுக் கணக்கில் அளந்தால் அது சுமார் எட்டே முக்கால் மணி நேரமாகிறது. அத்தனை நேரமும் சம்பளம் போடும் நாளன்று ஒரேயடியாக நின்றுபோனாலும் நிபந்தனை மீறப்பட்டதாகாது.

பொறுப்பு எங்கே நிற்கிறது என்பதற்கு 2013-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று போதும். அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் உள்ளே நுழைந்தது, குளிர்பதனப் பணி செய்துவந்த ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல் வழியாக. வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டது டார்கெட் மீதுதான்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். விலகுவதற்கு எத்தனை நாள் அவகாசம், தரவுகள் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும், புதியவருக்குப் பழையவர் எத்தனை வாரம் வேலையைக் காட்டித்தர வேண்டும், அந்த நாட்களின் கட்டணம் யார் தலையில் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். உறவு கசந்த பிறகு கேட்டால் எதுவும் கிடைக்காது. சம்பளப் பட்டியல் தயாரிப்பை ஏழு ஆண்டுகள் வெளியே கொடுத்திருந்த ஒரு நிறுவனம், ஒப்பந்தம் முடிந்ததும் தன் கோப்புகளைத் திரும்பப் பெற்றது. தொகைகள் எல்லாம் சரியாக இருந்தன. மிகைநேர ஊதியத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற சூத்திரம் மட்டும் பழைய ஒப்பந்ததாரரின் மென்பொருளுக்குள்ளேயே தங்கிவிட்டது. கணக்குப் பிரிவில் மூன்று பேர் முந்தைய மாதச் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, அதைப் பின்னோக்கிக் கண்டுபிடித்துத்தான் அடுத்த மாதச் சம்பளத்தைப் போட்டார்கள்.