பாட்டியை வாளி உதைக்க வைக்காதீர்கள்

போன வாரம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு மாதிரிப் பேச்சுத் தேர்வு நடத்தினேன். எதிரே ஒரு செவிலியர். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய அவருக்குப் பேச்சில் 9க்கு 7 வேண்டும். 'உங்களை வளர்த்தவரைப் பற்றிப் பேசுங்கள்' என்று அட்டையைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பாட்டியைப் பற்றி அழகாகப் பேசினார். விடுதிக்குப் பாட்டி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா வரைக்கும் வந்துவிட்டார். கண் கலங்கியது. அப்புறம் சொன்னார்: "லாஸ்ட் இயர் ஷி கிக்ட் த பக்கெட்."

தமிழில் சொன்னால், 'பாட்டி போன வருஷம் மண்டையைப் போட்டுருச்சு.'

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். போனில் ஒரு பிடிஎஃபைக் காட்டினார். நூறு மரபுத்தொடர்கள், இதற்கு எதிரே 'இறப்பது' என்று மட்டும் இருந்தது. இந்த மாதத்தில் எனக்கு இது மூன்றாவது வாளி.

மரபுத்தொடரை அடுக்கினால் மதிப்பெண் ஏறும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தேர்வின் மதிப்பீட்டு அளவுகோலில் 7க்கான விளக்கத்தில் 'இடியமேட்டிக்' என்றொரு சொல் வருவது உண்மைதான். ஆனால் அது மரபுத்தொடர்ப் பட்டியலைக் கேட்கவில்லை. அந்த மொழிக்காரர்கள் எந்தச் சொல்லோடு எதைச் சேர்ப்பார்களோ அப்படிப் பேசத் தெரிகிறதா என்று பார்க்கிறது. தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும். வெயில் பெய்கிறது என்பவருக்கு நூறு மரபுத்தொடர் தெரிந்திருந்து என்ன பயன்? 'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்' (பால் தீர்ந்துவிட்டது), 'இட் ஸ்லிப்ட் மை மைண்ட்' (மறந்தே போச்சு) இதெல்லாமே இடியமேட்டிக்தான். (நமக்குச் சளி பிடிக்கும், ஆங்கிலேயர் சளியைப் பிடிப்பார்கள், 'கேட்ச் எ கோல்ட்'. அதுவும்தான்.) தவிர, சொல்வளம் என்பது நான்கு அளவுகோல்களில் ஒன்று. சரளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகியவற்றுக்கும் அதே எடை.

மனப்பாடம் செய்தது உடனே தெரிந்துவிடும். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வரப்போகிறது என்பது மாணவர் மூச்சை இழுக்கும்போதே எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கொட்டும் மழையைப் பார்த்து ஆங்கிலேயர் பெரும்பாலும் 'இட்ஸ் போரிங்' (pouring, கொட்டுகிறது) என்றுதான் சொல்வார்.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. யாரிடம், எந்தத் தொனியில் சொல்வது என்பதும் தெரிய வேண்டும். 'அண்டர் த வெதர்' (உடம்பு கொஞ்சம் சரியில்லை) லேசான தலைவலிக்குச் சரி. டயாலிசிஸ் நோயாளிக்குச் சொல்லாதீர்கள். தொடரின் உருவத்திலும் கை வைக்காதீர்கள். 'கைகழுவினான்' வேறு, 'கையைக் கழுவினான்' வேறு இல்லையா? அதே மாதிரி 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் சுலபமான வேலை. 'த பீஸ் ஆஃப் கேக்' வெறும் கேக்துண்டு.

ஒரு தொடரை உண்மையான பேச்சில் நான்கைந்து தடவை கேட்ட பிறகு வாயில் எடுங்கள். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். சாவுக்கு 'பாஸ்ட் அவே', அல்லது வெறும் 'டைட்'. ஒரு மார்க்கும் குறையாது.

அப்புறம், தயவுசெய்து, அந்த பிடிஎஃபை அடுத்த பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.