விட்ட இடத்துக்குத் திரும்பும் கை

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று சீசன் விடாமல் பார்த்த ஒரு தொடரை, கதை பெரிய முடிச்சில் நிற்கும்போதே சேனல் நிறுத்திவிட்டது. அறிவிப்பு வந்து இரண்டு மாதமாகிவிட்டது. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்தக் கதை தானாக ஓடுகிறது. அதே ஆண்டில் அவர் பார்த்த இன்னொரு தொடர் முறையாக முடிந்தது. உண்மையில் அதுதான் அவருக்கு அதிகம் பிடித்தது. ஆனால் அது ஒரே வாரத்தில் மறந்துபோயிற்று. “எனக்கு ஏதாவது கோளாறா?”

கோளாறு ஒன்றுமில்லை. கேள்விக்குள்ளேயே அழகான ஒரு பரிசோதனையை அவர் நடத்தி முடித்திருக்கிறார். அதிகம் பிடித்தது மறைந்தது, பாதியில் நின்றது ஒட்டிக்கொண்டது. அப்படியானால் காரணம் அன்பு மட்டுமல்ல.

அன்பின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் வருபவரோடு பார்ப்பவர் கொள்ளும் ஒருதலைப் பழக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956லேயே எழுதிவிட்டார்கள். பிடித்த பாத்திரம் திரையிலிருந்து போய்விட்டால் உண்மையான பிரிவைப் போன்ற வருத்தம், அளவில் குறைந்தாலும், வருகிறது என்று ஜொனாதன் கோஹன் 2004இல் காட்டினார். 2007 நவம்பரில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தொடர்கள் தற்காலிகமாக நின்றபோதுகூட இந்த வருத்தத்தை ஆய்வாளர்கள் அளந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் முறையாக முடிந்த தொடரும் பிரிவுதானே? அது ஏன் இவரைத் துரத்தவில்லை?

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் புளூமா சைகார்னிக்கைக் கூப்பிடுவார்கள். 1920களில் பெர்லினில் குர்ட் லெவின் என்ற உளவியலாளரின் மாணவி அவர். பணம் வரவேண்டிய மேசைகளின் கணக்கைத் துல்லியமாக நினைவு வைத்திருக்கும் சர்வர், பணம் வந்ததும் அதை மறந்துவிடுகிறாரே என்று லெவின் வியந்தாராம். சைகார்னிக் அதைச் சோதித்தார். ஏறத்தாழ இருபது சிறு வேலைகளை ஆட்களிடம் கொடுத்து, பாதியை முடிக்க விட்டார், பாதியை இடையில் நிறுத்தினார். முடிக்காத வேலைகளே அதிகம் நினைவில் நின்றன என்று 1927இல் எழுதினார். அன்றிலிருந்து விளம்பரக்காரர்களும் நிர்வாகப் பயிற்சியாளர்களும் அந்த முடிவைத் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்திவருகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அதே சோதனையை மற்றவர்கள் செய்தபோது சிலருக்கு அந்த விடை வந்தது, சிலருக்கு வரவில்லை, சிலருக்குத் தலைகீழாகவே வந்தது. இத்தனை ஆண்டுச் சோதனைகளையும் ஒன்றுசேர்த்து 2025இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, முடிக்காத வேலைக்கு நினைவில் பொதுவான தனிச் சலுகை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுக் கதை! பழைய சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதற்குப் பணம் கேட்டால் நிதிக்குழுக்கள் முகம் சுளிக்கின்றன, “இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்பதுதான் முதல் கேள்வி. புதிதாக ஒன்றும் இல்லாத வேலைக்கு யாரோ உட்கார்ந்ததால்தான் இது தெரிந்தது. அந்த வகை ஆய்வுக்குப் பணத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதே பகுப்பாய்வு இன்னொருவரைக் காப்பாற்றியிருக்கிறது. அவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஒப்புக்கொண்டேன்.

மரியா ஓவ்சியாங்கினா. அவரும் லெவினின் மாணவி, சைகார்னிக்கின் சகா. அவருடைய கட்டுரை ஓராண்டு தள்ளி 1928இல் வந்தது. சைகார்னிக் கேட்டது, ‘என்ன நினைவிருக்கிறது?’ என்று. ஓவ்சியாங்கினா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். வேலையைக் கொடுத்தார், துண்டுகளை அடுக்கி உருவம் செய்வது போன்ற சின்ன விஷயங்கள். நடுவில் ஏதோ சாக்குச் சொல்லி நிறுத்தினார். பிறகு, தனக்கு வேறு அலுவல் இருப்பதுபோல் ஒதுங்கிக்கொண்டார். முடி என்று சொல்லவில்லை, முடிக்காதே என்றும் சொல்லவில்லை. முடித்தால் பரிசு கிடையாது, விட்டால் தண்டனை கிடையாது.

அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதி அடுக்கிய துண்டுகள் மேசையில் கிடக்கின்றன. எதிரில் யாரும் கவனிக்கவில்லை. முதலில் கண் அங்கே போகிறது. பிறகு விரல் ஒரு துண்டைச் சும்மா திருப்புகிறது. பிறகு அது பொருந்தும் இடம் தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான், ஆள் மீண்டும் வேலையில் இறங்கிவிட்டார். ஓவ்சியாங்கினாவின் ஆட்களில் பெரும்பாலோர் இப்படித் திரும்பினார்கள். இந்தத் திரும்புதல்தான் பிற்காலச் சோதனைகளிலும் உறுதியாக நிற்கிறது. நினைவு கைவிடலாம், கை கைவிடுவதில்லை!

லெவின் இதற்குத் தந்த விளக்கம் எளிமையானது. ஒரு வேலையைத் தொடங்கியதும் மனத்தில் பசி, தாகம் போன்ற ஓர் இழுவிசை உண்டாகிறது. அதை அவர் உண்மையான தேவை என்று சொல்லாமல், ‘தேவை போன்ற ஒன்று’ என்றே சொன்னார். வேலை முடிந்தால் அது தளர்கிறது. முடியாவிட்டால் இழுத்துக்கொண்டே நிற்கிறது. ஆளை யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்ற நியாயம் அதற்குத் தெரியாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1982இல் வெளியான ஒரு கிளைச் சோதனை. ஆட்களிடம் ஜிக்சா புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கலந்துகொள்வதற்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. புதிர் முடியும் முன்பே, “சோதனை முடிந்தது” என்று அறிவித்தார்கள். பணம் பேசப்படாதவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்து புதிரை முடித்தார்கள். பணத்துக்கு வந்தவர்களில் முடித்தவர்கள் கணிசமாகக் குறைவு. கூலி என்று வந்துவிட்டால், சம்பந்தப்பட்டவர் நிறுத்தச் சொன்னதும் வேலை நின்றுவிடுகிறது. ஆசைக்குச் செய்தது நிற்க மறுக்கிறது.

இனி தொடருக்கு வருவோம். சேனலுக்குத் தொடர் என்பது கூலி வேலை. விளம்பரம் வரும்வரை ஓடும், வராவிட்டால் நிற்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்ப்பவரோ அதே நேரத்தில் வேறொரு வேலை செய்துகொண்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை எழுதியது யார், இவன் ஏன் பொய் சொல்கிறான், அவள் திரும்பி வருவாளா என்று ஒவ்வொரு வாரமும் துண்டு துண்டாகப் பொருத்திக்கொண்டே போகிறார். யாரும் கொடுக்காத வேலை, கூலியில்லாத வேலை. நிறுத்தும் அறிவிப்பு முதலாளியை நிறுத்திவிடுகிறது, இவரை நிறுத்துவதில்லை. இந்தப் பொருத்தம் என்னுடைய ஊகம்தான், ஆய்வகத்தில் தொடர் பார்க்கவைத்து யாரும் காட்டியதல்ல. ஆனால் நம் வாசகியின் இரண்டு தொடர்களுக்கும் இது சரியாகப் பொருந்துகிறது: ஒன்றில் புதிர் முடிந்துவிட்டது, இன்னொன்றில் கடைசித் துண்டு கையிலேயே இருக்கிறது.

இலக்கு நெருங்க நெருங்க இழுப்பு கூடும் என்பதும் பழைய பாடம். ஓட்டப்பாதையில் விடப்பட்ட எலிகள் உணவை நெருங்கும்போது வேகம் எடுப்பதை 1930களில் கிளார்க் ஹல் அளந்து காட்டினார். சீசனின் கடைசி எபிசோடில் எல்லாக் கதவையும் முக்கால் பங்கு திறந்து வைப்பவர்களுக்கு ஹல்லைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தொழில் தெரிந்தால் போதும். ‘ஆல்ஃப்’ என்ற அமெரிக்கத் தொடர் 1990 மார்ச்சில், வேற்றுக்கிரக நாயகன் ராணுவத்தின் கையில் சிக்கியதோடு ‘தொடரும்’ என்று முடிந்தது. தொடரவில்லை. மிச்சக் கதையைச் சொல்லும் தொலைக்காட்சிப் படம் 1996இல்தான் வந்தது. முதல் எபிசோடிலிருந்து பார்த்த குழந்தைகள் அதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்.

திரும்பும் கைக்குப் புதிர் எட்டவில்லை என்றால் அது வேறு எதையாவது பிடிக்கும். 1967 கடைசியிலும் 1968 தொடக்கத்திலும் ‘ஸ்டார் டிரெக்’ நிற்கப்போகிறது என்ற பேச்சு வந்தபோது, என்.பி.சி. சேனலுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் 1 அன்று, தொடர் தொடரும் என்று சேனல் திரையிலேயே அறிவித்தது. ஆனால் மூன்றாம் சீசனை வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். 1969இல் தொடர் நின்றது.

ஒரு லட்சம் கடிதம் ஏன் ரேட்டிங்கை, அதாவது எத்தனை வீடுகள் பார்க்கின்றன என்ற கணக்கை, அசைக்கவில்லை? ஏனென்றால் ரேட்டிங் கடிதங்களை எண்ணுவதில்லை. அந்தக் காலத்தில் நீல்சன் நிறுவனம் சுமார் 1,200 வீடுகளில் கருவி வைத்து நாடு முழுமைக்கும் கணக்குச் சொன்னது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைப் புள்ளியியல் ஒப்புக்கொள்ளும், எந்தச் சோறு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் மட்டும். அப்படி எடுத்த 1,200 வீடுகளில் நூற்றுக்கு இருபது பார்த்தன என்றால், உண்மை பெரும்பாலும் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் இருக்கும். கடிதம் எழுதுகிறவர்களோ தாமாகவே மேலே மிதந்து வந்தவர்கள். லட்சம் பேரானாலும், எழுதாதவர்கள் எத்தனை பேர் என்பதை அவர்களால் சொல்ல முடியாது. “எனக்குத் தெரிந்த எல்லோரும் பார்த்தார்களே!” என்ற ஆதங்கத்துக்கும் இதுவே பதில். தெரிந்தவர்கள் சீட்டுக் குலுக்கி வந்தவர்கள் அல்ல.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. கருவி வைக்காத வீட்டில் இருப்பவர் எத்தனை விசுவாசமாகப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஓர் இம்மியும் ஏறாது. கடிதம்தான் அவருக்கு மிஞ்சிய ஒரே வழி.

வாசகிக்குக் கைமருந்து ஒன்று இருக்கிறது. முடிக்காத காரியத்தை எப்போது, எப்படி முடிப்போம் என்று திட்டம் எழுதிவைத்தாலே போதும், அது வேறு வேலையின் நடுவில் வந்து குறுக்கிடுவது அடங்கிவிடுகிறது என்று மசிகாம்போ, பவ்மைஸ்டர் இருவரும் 2011இல் காட்டினார்கள். காரியம் முடியவேண்டும் என்றுகூட இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட ரசிகர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் தொடரைக் காப்பாற்றவில்லை, ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு விடை வைத்திருக்கிறார். ஆகவே அம்மா, ஒரு தாளை எடுத்து அந்தக் கதையை நீங்களே முடித்து எழுதுங்கள். நன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

தயாரிப்பாளர்களும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 2007 மே மாதம் சி.பி.எஸ். சேனல் ‘ஜெரிக்கோ’வை நிறுத்தியபோது, ரசிகர்கள் சுமார் 18,000 கிலோ வேர்க்கடலையை அனுப்பினார்கள். 1944இல் சரணடையச் சொன்ன ஜெர்மானியர்களுக்கு அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் ‘நட்ஸ்’ என்று ஒரே சொல்லில் மறுப்பு அனுப்பியிருந்தார். ‘ஜெரிக்கோ’ நின்றபோது வந்திருந்த கடைசி எபிசோடில் நாயகன் அதே சொல்லைச் சொல்வான். அதற்குக் கொட்டை, கடலை என்றும் பொருள் உண்டு. சேனல் இறங்கிவந்து ஏழு எபிசோட் கொடுத்தது, கூடவே இன்னும் ஆட்களைப் பார்க்கவைக்கும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. இந்த முறை எடுத்தவர்கள் உஷாராக இருந்தார்கள். அடுத்த சீசன் கிடைத்தால் போட ஒரு முடிவு, கிடைக்காவிட்டால் போட ஒரு முடிவு என்று இரண்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2008 மார்ச்சில் ஒளிபரப்பானது இரண்டாவது.