பழைய கல்வீட்டில் ஸ்டேக் உணவகம்: நெருப்பையும் ஈரத்தையும் முதலில் பாருங்கள்

நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டன், ஹர்லி, நியூ பால்ட்ஸ் ஊர்களிலும், தெற்கே நியூஜெர்சியின் பெர்கன் கவுண்டியிலும் டச்சுக்காரர்களும், ஹியூகனோ எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் குடியேறிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் கட்டிய கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. சில உணவகங்களாகவும் நடக்கின்றன. 1780இல் உளவு பார்த்ததாகப் பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் ஜான் ஆந்த்ரேயைச் சிறைவைத்த, நியூயார்க் மாநில டாப்பன் ஊர் விடுதியில் இன்றும் சாப்பாடு பரிமாறுகிறார்கள். இப்படியொரு வீட்டை ஸ்டேக் (நெருப்பில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டு) உணவகமாக்க வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது: "ஒன்றரை அடிக் கல்சுவர், தீக்குப் பயமில்லை."

பயம் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1777 அக்டோபர் 16 அன்று பிரிட்டிஷ் படை கிங்ஸ்டனுக்குத் தீ வைத்தபோது, பெரும்பாலான கல்வீடுகளில் சுவர்கள் மட்டுமே மிஞ்சின. உத்தரம், தளப்பலகை, கூரைச்சட்டம் எல்லாம் காய்ந்த மரம்தான். அந்த மரத்துக்கு நடுவில்தான் இப்போது கொழுப்புச் சொட்டும் கிரில்லைக் கொண்டுவந்து வைக்கப்போகிறோம்.

மிக ஆபத்தான தவறு, கிரில்லின் புகையைப் பழைய கணப்பின் புகைபோக்கி வழியே வெளியேற்றுவது. கூரையில் புதிதாகத் துளை போட வேண்டாம், வெளித்தோற்றமும் மாறாது என்பதால் இந்த யோசனை எளிதில் தோன்றிவிடும். ஆனால் அந்தப் புகைபோக்கிக்கு உள்ளுறை கிடையாது. கற்களுக்கு இடையே களிமண்ணும் வைக்கோலும் கலந்த சாந்து பல இடங்களில் உதிர்ந்து சந்து விட்டிருக்கும். தளத்தைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் புகைபோக்கியை ஒட்டியோ அதற்குள் செருகியோ இருக்கும். புகையோடு போகும் கொழுப்பு அந்தச் சந்துகளில் படியும். ஒருமுறை பற்றினால் அந்தத் தீயின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். தீ பிடிக்காவிட்டாலும் ஆபத்து தீராது: ஆண்டுக்கணக்கில் சூடுபடும் மரம் உள்ளுக்குள் கருகி, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் வணிகச் சமையலறைப் புகைக்குழாய்க்கு தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தரவிதி பின்பற்றப்படுகிறது. குழாய் 16 கேஜ் (தகட்டின் தடிமன் அளவு) கார்பன் எஃகு அல்லது 18 கேஜ் ஸ்டெயின்லெஸ் எஃகுத் தகட்டில், திரவம் கசியாதபடி முழுக்க வெல்டிங் செய்யப்பட வேண்டும். மரத்திலிருந்து 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும். அதற்கென்றே சான்றளித்த தீத்தடுப்பு உறை சுற்றினால் அந்த இடைவெளியைக் குறைக்கலாம். தாழ்வான தளங்களும் நெருக்கமான உத்தரங்களும் உள்ள வீட்டில் 18 அங்குலத்துக்கு எங்கே போவது? அதனால்தான் எங்கள் முதல் பரிந்துரை எப்போதும் ஒன்றே: கல்வீடு சாப்பிடும் கூடமாக இருக்கட்டும், சமையலறையைப் பின்பக்கம் தனியாகக் கட்டி, நடுவில் தீத்தடுப்புச் சுவர் எழுப்புங்கள்.

விறகு, கரி கிரில் என்றால் அதற்குத் தனி ஹூட் (அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் கூடு), தனிக் குழாய் வேண்டும். எரிவாயு அடுப்பின் குழாயோடு சேர்க்கக்கூடாது. குழாயை மாதம் ஒருமுறை பரிசோதித்து, பிசுக்கு படிந்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். எரிவாயு கிரில்லாக இருந்து வேலை அதிகமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தீயணைப்பு அமைப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

அடுத்து, காற்று. எரிவாயு கிரில்லுக்கு மேலே சுவரோடு பொருத்தும் ஹூட், நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்றை இழுக்கும். பத்தடி ஹூட் என்றால் 4000. 15க்கு 20 அடி, எட்டடி உயரம் கொண்ட கூடத்தின் மொத்தக் காற்றும் 2400 கன அடிதான். ஈடான காற்றை வெளியிலிருந்து உள்ளே செலுத்தாவிட்டால், விசிறி அதைக் கணப்பின் வழியே இழுக்கும். கூடத்தில் அழகுக்கென மூட்டிய விறகுத்தீயின் புகையும் கார்பன் மோனாக்சைடும் விருந்தினர்மேல் திரும்பும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, கணப்பில் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் கடையைத் திறக்காதீர்கள்.

சுவருக்கு நெருப்பைவிட ஈரம் பெரிய எதிரி. பெர்கனின் செம்மணற்கல் மென்மையானது; ஈரம் வெளியேறச் சுண்ணாம்புச் சாந்து பூசிய இணைப்புகள் வழிவிடும். அங்கே போர்ட்லண்ட் சிமென்ட் அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே தேங்கி, குளிர்காலத்தில் உறைந்து, கல்லின் முகம் ஏடு ஏடாகப் பெயரும். சமையலறை நீராவி இதை விரைவுபடுத்தும். இணைப்பை அதன் அகலத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டி, கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். உட்சுவரில் ஈரம் புகாத பெயின்ட் அடிக்காதீர்கள்.

நிலவறையைப் பார்த்தவுடன் இறைச்சியைப் பதப்படுத்தத் தொங்கவிடலாம் என்று பலருக்கும் ஆசை வரும். இறைச்சியைக் குளிரில் உலரவிட்டுப் பக்குவப்படுத்தும் உலர்பதத்துக்கு 1 முதல் 3 டிகிரி செல்சியஸ், சுமார் 80 சதவீத ஈரப்பதம், நிற்காத காற்றோட்டம் தேவை. நிலவறை 10 டிகிரிக்கு மேல்தான் இருக்கும், இறைச்சி கெடும். குளிர்பதன அறையை அங்கே வைப்பதானால் கல்சுவரை ஒட்டாமல், இடையில் காற்று ஓட இடம் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சை பிடிப்பது கண்ணுக்கே தெரியாது.

வீடு வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருப்பது மட்டுமே தனியார் உரிமையாளரின் மாற்றங்களைத் தடுக்காது. உள்ளூர் பாரம்பரியக் குழுவின் விதிதான் கட்டுப்படுத்தும். பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் கட்டடமானால், தகுதியான புனரமைப்புச் செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரிச்சலுகையாகக் கிடைக்கும். அதற்கான திட்ட விண்ணப்பத்தை முதல் கல்லை அசைக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பழைய கணப்பை இடித்தபிறகு போனால் ஒப்புதல் கிடைப்பது கடினம்.