"நம்ம கடை சர்வரை யார் சார் தேடி வரப்போறாங்க?"

இந்த மாதமும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம்) கேஸ் ஒன்று வந்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடை. பில் போடும் கம்ப்யூட்டரிலேயே எக்ஸாம்ப் (வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு) நிறுவி, ஸ்டாக் பார்க்க ஒரு வெப் பக்கம் ஓட்டியிருக்கிறார்கள். முதலாளி வெளியூர் போனாலும் போனில் பார்க்க வேண்டுமே என்று, கல்லூரியில் படிக்கும் மகன் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து, அதாவது வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு வாசலைத் திறந்து கொடுத்திருக்கிறான். ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால் எந்த ஃபைலும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திறக்கிறது. பேக்கப் எங்கே என்று கேட்டேன். அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருந்ததாம். அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். கடை மாறுகிறது, ஆள் மாறுகிறார், நடந்தது மட்டும் மாறுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் கேட்கப்படும் கேள்வியும் மாறுவதில்லை: "நம்மளோடது சின்னக் கடை சார். நம்ம கம்ப்யூட்டரை யார் தேடி வரப்போறாங்க?"

உங்களை யாரும் தேடி வரவில்லை. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. இணைய இணைப்புகளுக்குக் கொடுக்கும் எண்களான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. நமக்குத்தான் இது பெரிய எண். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-லேயே ஸீமேப் என்றொரு மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரும் வேகமான லைனும் இருந்தால், பொது இணையத்தில் உள்ள அத்தனை ஐபிவி4 முகவரிகளிலும் குறிப்பிட்ட ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிடும். திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் ஷோடான் 2009-லிருந்தே இருக்கிறது. மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வருபவர் மாடி வீடா கூரை வீடா என்று பார்த்தா வருகிறார்? தெருவில் உள்ள எல்லா மீட்டரையும் பார்த்துவிட்டுப் போகிறார். அப்படித்தான் இதுவும். தேடுவது மனிதன் இல்லை, புரோகிராம். உங்கள் கடையின் பெயர்கூட அதற்குத் தெரியாது.

"ஐபி முகவரியை யாருக்கும் கொடுக்கலையே" என்பார்கள். கொடுக்கவே வேண்டாம், அது எண்களை வரிசையாக எண்ணிக்கொண்டு வருகிறது. "வழக்கமான 80-ம் போர்ட்டை விட்டுட்டு 8080-ல வெச்சிருக்கேன்" என்பார்கள். அவர்கள் தட்டிப் பார்க்கும் பட்டியலில் 8080-ம் உண்டு, 8888-ம் உண்டு. "பக்கத்துக்கு லாகின் இருக்கு சார்" என்பது இன்னொன்று. லாகின் பக்கத்துக்கு அடியில் ஓடும் அப்பாச்சியும் (வெப் சர்வர்) பிஎச்பியும் (பக்கத்தை இயக்கும் நிரல்மொழி) பழசாக இருந்தால், வருபவன் லாகின் பக்கத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

2024 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸில் பிஎச்பியை சிஜிஐ முறையில் (வெப் சர்வர் அதைத் தனி புரோகிராமாகக் கூப்பிடும் முறை) ஓட்டுவதில் ஒரு ஓட்டை வெளியானது. ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்களில் அதன் எண் சிவிஇ-2024-4577. கண்டுபிடித்தவர்கள் தைவானின் டெவ்கோர் குழுவினர். விண்டோஸுக்கான எக்ஸாம்பை நிறுவியபடியே விட்டிருந்தால் அதுவும் இந்த ஓட்டைக்குள் வரும் என்று அவர்களே எச்சரித்தார்கள். சில நாட்கள்கூட ஆகவில்லை, டெல்யூதபாஸ் என்ற ரான்சம்வேர் கும்பல் அதே வழியாக சர்வர்களைப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. அதற்குள் நம் ஊரில் யார் பிஎச்பியை அப்டேட் செய்திருப்பார்கள்? நான் திறந்து பார்க்கும் கம்ப்யூட்டர்களில் எக்ஸாம்ப் போட்ட நாளன்று இருந்த பதிப்புதான் இன்றும் இருக்கிறது.

எக்ஸாம்ப் மோசமான மென்பொருள் இல்லை. கற்றுக்கொள்வதற்கு அருமையான கருவி. ஆனால் அது டெவலப்பர் தன் மேசையில் சோதித்துப் பார்ப்பதற்கு, வெளியுலகத்துக்குத் திறந்துவிட அல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் வரும் டேட்டாபேஸின் ரூட் கணக்குக்கு (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்டே கிடையாது. வேலை சுலபமாக நடக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள்.

நம் கடற்கரைக்கென்று இன்னொரு தொல்லையும் இருக்கிறது, கரண்ட். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்குப் பிறகு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். திடீரென்று பவர் போனால் டேட்டாபேஸ் கெடும். அது சரி செய்யக்கூடிய கோளாறு. ஆனால் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். உங்கள் டேபிள்களை மறுபடி திறப்பதற்கு வேண்டிய விவரமெல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. டேட்டா ஃபோல்டர் முழுவதையும் அப்படியே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிட்டு, அப்புறம் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் டேட்டாபேஸ் ஓட்டாதீர்கள்.

அப்போ என்ன செய்வது?

முதலாளி ஒருவர் மட்டும் ஸ்டாக் பார்க்க வேண்டுமா? எதற்கு ஊருக்கெல்லாம் போர்ட்டைத் திறக்கிறீர்கள்? வயர்கார்டு, டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (அனுமதித்த கருவிகளுக்கு மட்டுமான தனி வழி) போடுங்கள். அவர் போன் மட்டும் உள்ளே வரும். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது ஐபியே தருவதில்லை, நிறைய வீடுகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அங்கே போர்ட் ஃபார்வர்டு வேலை செய்யாது, டெயில்ஸ்கேல் வேலை செய்யும். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ம் போர்ட்டைத் திறந்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மூடுங்கள்.

வாடிக்கையாளர்கள் பார்க்கும் வெப்சைட் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங் (வேறு நிறுவனத்தின் சர்வரில் வாடகைக்கு இடம்) போதும்.

இல்லை, வீட்டில் நானே சர்வர் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், எனக்கும் அந்த ஆர்வம் பிடிக்கும். ஆனால் பில் போடும் கம்ப்யூட்டரில் வேண்டாம். மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை எடுங்கள். சாதாரண வெப் பக்கங்களுக்கு 2 ஜிபி ராம் போதும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் ஆதரவு முடிந்துவிட்டது. அதில் மல்லுக்கட்டாமல் டெபியன் லினக்ஸ் போடுங்கள், காசு கிடையாது. வெப் சர்வருக்கு அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, எது பழக்கமோ அது. செக்யூரிட்டி அப்டேட் தானாக ஏறும்படி வையுங்கள். டேட்டாபேஸ் 127.0.0.1-க்கு (அதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் முகவரி) வெளியே தலைகாட்டக் கூடாது. ரூட்டரில் வெப் பக்கத்துக்கான 80, 443 போர்ட்கள் தவிர எதுவும் திறக்க வேண்டாம். முடிந்தால் அந்த மெஷினை ரூட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியாக வையுங்கள். லெட்ஸ் என்கிரிப்டில் இலவசச் சான்றிதழ் (https-க்கு வேண்டியது) எடுக்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எடுத்த உடனே உங்கள் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், தட்டிப் பார்ப்பவர்களும் உடனே வந்துவிடுவார்கள். பக்கத்தைத் தயார் செய்துவிட்டு அப்புறம் சான்றிதழ் எடுங்கள்.

மாணவத் தம்பிகளே, ப்ராஜெக்ட் ரிவியூவுக்காகத் திறந்த போர்ட்டை ரிவியூ முடிந்த அன்றே மூடுங்கள். அப்பா கடையில் செய்து கொடுத்திருந்தால் இன்று மாலை போய் அந்த ரூட்டரைப் பாருங்கள்.

பேக்கப் என்றால் கழற்றி வைக்கக்கூடிய டிஸ்க். காப்பி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே இருந்தால் அதுவும் பூட்டப்படும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதற்றத்தில் ஃபார்மேட் மட்டும் அடித்துவிடாதீர்கள். சில ரான்சம்வேர்களுக்குத் திறவுகோல் பின்னாளில் வெளியாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் மற்றவர்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பூட்டப்பட்ட டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில் வேலையைத் தொடருங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். நிறுவனமாக நடத்துபவர்கள், விஷயம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும், 2022-லிருந்து அது கட்டாயம்.